நேட்டால் போய்வந்த கொள்ளுத்தாத்தாவுக்கு அப்பா யார்?

கேள்வி: எங்கள் ஊர் ஆரணிப் பக்கம். என் அப்பாவின் அப்பாவழித் தாத்தா தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நேட்டாலில் கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தக் கூலியாக இருந்தவர், 1914-க்கு அப்புறம் மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் ஊர் திரும்பினாராம். இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு ‘நேட்டால்காரர் வீடு’ என்றுதான் பெயர். தன்னைப் பெற்றவர்களைப் பற்றி அவர் யாரிடமும் வாய் திறந்ததில்லை. அவர் நிலம் வாங்கிய பத்திரத்தில் ‘முனுசாமி குமாரர்’ என்று இருக்கிறது. என் பாட்டி (அவருடைய மருமகள்) அவர் அப்பா பெயர் பெருமாள், அதனால்தான் நேட்டாலில் பிறந்த மூத்த பையனுக்குப் பெருமாள் என்று பெயர் வைத்தார்கள் என்று அடித்துச் சொல்வார். பாட்டி இப்போது இல்லை. கப்பல் பட்டியல்களில் தேடியபோது அவர் பெயரிலேயே இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருவர் 1889-இல் போனவர், 22 வயது, வட ஆற்காடு, அப்பா முனுசாமி. இன்னொருவர் 1884-இல் போன 6 வயதுப் பையன், கூட அம்மா மட்டும், செங்கல்பட்டு ஜில்லா, அப்பா பெருமாள். முதல் ஆள்தான் என்று நினைக்கிறோம். வீட்டில் நேட்டால் சீட்டு ஒன்று இருக்கிறது, ஐந்து இலக்க எண், கடைசி இரண்டு இலக்கம் அழிந்துவிட்டது. பொங்கலுக்குக் குடும்ப மரம் அச்சடிக்கப்போகிறோம். எந்தப் பெயரைப் போடுவது? டிஎன்ஏ சோதனை செய்தால் தெரிந்துவிடுமா? கொள்ளுத்தாத்தா பெயரை வெளியிட வேண்டாம்.

பதில்:

வணக்கம் அம்மா. முதல் ஆள்தான் என்று நீங்கள் நினைப்பதற்குக் காரணம் புரிகிறது. ஜில்லா பொருந்துகிறது, பத்திரத்தில் இருக்கும் அப்பா பெயர் பொருந்துகிறது, ஒப்பந்தக் கூலி என்றால் வளர்ந்த ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் பொருந்துகிறது. ஆனாலும் இப்போதைக்கு அச்சுக்குக் கொடுக்காதீர்கள். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒப்பந்தத் தொழிலாளர்கள் 1,52,184 பேர். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னையில் கப்பல் ஏறியவர்கள். அத்தனை பேரில், வட ஆற்காட்டில் தெருவுக்கு ஒரு முனுசாமி இருந்த காலத்தில், முனுசாமி மகன் என்று ஒருவர் கிடைப்பது பெரிய சான்று இல்லை. பெயர் பொருந்துகிறது என்பதற்காக ஒருவரைத் தாத்தாவாக எடுத்துக்கொண்டால் அவருக்கு மேலே நீங்கள் கட்டுகிற நாலு தலைமுறையும் யாரோ ஒருவருடைய தலைமுறையாகிவிடும். இந்த வேலையில் நான் அதிகம் பார்க்கிற விபத்து இதுதான், அப்படி அச்சான மரத்தை அப்புறம் யாரும் திருத்துவதும் இல்லை.

உங்களிடம் இருப்பதிலேயே பெரிய சான்று அந்தச் சீட்டுதான். கடைசி இரண்டு இலக்கம் போனதால் அது பயனில்லை என்று ஒதுக்கிவிட்டீர்கள் போலத் தெரிகிறது. கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்து ஆட்களை இறக்கியதும் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுப்பார்கள். 1860 நவம்பர் 16-ஆம் தேதி சென்னையிலிருந்து போய்ச் சேர்ந்த ‘ட்ரூரோ’ கப்பலில் தொடங்கிய அந்த வரிசை 1911 வரை ஏறிக்கொண்டே போனது. 1866-இல் ஆள் எடுப்பதை நிறுத்தினபோது ஆறாயிரத்துச் சொச்சம், 1874-இல் திரும்பத் தொடங்கிய பிறகு பத்தாயிரங்கள், கடைசியில் ஒன்றரை லட்சத்துக்கு மேல். அங்கே ஒரு ஆளுக்கு அந்த எண்தான் அடையாளம். பெயரை ஒரு எழுத்தர் ஒரு மாதிரி எழுதுவார், அடுத்தவர் வேறு மாதிரி எழுதுவார், ஆனால் எண் மாறாது. கல்யாணம், பிள்ளைப்பேறு, தோட்டம் மாறியது, முதலாளி மேல் கொடுத்த புகார், ஊர் திரும்பியது, சாவு, எல்லாவற்றிலும் அந்த எண்ணைப் போட்டுத்தான் எழுதினார்கள்.

எண்கள் வரிசையாகப் போகின்றன என்பதால் 1884-இல் வந்தவருக்கும் 1889-இல் வந்தவருக்கும் இடையில் ஆயிரக்கணக்கில் வித்தியாசம் இருக்கும். உங்களுக்கு முதல் மூன்று இலக்கம் தெரிகிறதே, அது போதும். கப்பல் பட்டியலில் அந்த இரண்டு பேருக்கும் எதிரே இருக்கும் எண்ணை எடுத்துச் சீட்டோடு வைத்துப் பாருங்கள். பையனோடு பொருந்துகிறதா, வளர்ந்த ஆளோடு பொருந்துகிறதா, இரண்டோடும் பொருந்தவில்லையா என்பது அங்கேயே தெரிந்துவிடும். பொருந்தாவிட்டால் மனம் தளர வேண்டாம். அழிந்த இரண்டு இலக்கத்துக்கு நூறு வாய்ப்புகள்தான், அந்த நூறு பேரும் பெரும்பாலும் ஒரே கப்பலில் வந்தவர்களாக இருப்பார்கள், உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பார்த்துவிடலாம்.

ஆனால் அதற்கு முன்னால் அது என்ன சீட்டு என்று சொல்லுங்கள். கடிதத்தில் ‘சீட்டு’ என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். ஒப்பந்தம் முடிந்ததற்குக் கொடுத்த விடுவிப்புச் சான்றிதழாக இருக்கலாம், தோட்டத்தை விட்டு வெளியே போகக் கொடுத்த அனுமதியாக இருக்கலாம், வரி கட்டியதற்கான சீட்டாகவும் இருக்கலாம். இதில் வரிச் சீட்டு என்றால் கதையே மாறும். 1895-இல் நேட்டால் அரசு கொண்டுவந்த சட்டம், ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஊர் திரும்பாமல் மறு ஒப்பந்தமும் போடாமல் அங்கேயே இருக்க நினைப்பவர்கள் வருஷத்துக்கு மூன்று பவுண்டு கட்ட வேண்டும் என்றது. மாதக் கூலியே முதல் வருஷம் பத்து ஷில்லிங், அப்புறம் வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் ஏறி ஐந்தாம் வருஷம் பதினாலு ஷில்லிங். மூன்று பவுண்டு என்றால் அறுபது ஷில்லிங். பிள்ளைகள் வளர்ந்ததும் அவர்களும் கட்ட வேண்டும் என்று 1903-இல் நீட்டினார்கள், ஆண்பிள்ளை என்றால் 16 வயதிலிருந்து, பெண்பிள்ளை என்றால் 13 வயதிலிருந்து. 1913 வேலைநிறுத்தத்தில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் தோட்டத்தையும் சுரங்கத்தையும் விட்டு வெளியே வந்ததற்கு இந்த வரி முக்கியமான காரணம். இதில் உங்களுக்குத் தேவையான செய்தி என்னவென்றால், இந்த வரி அந்தச் சட்டத்துக்குப் பிறகு ஒப்பந்தத்தில் வந்தவர்களுக்கானது. உங்கள் வீட்டில் இருப்பது மூன்று பவுண்டு சீட்டு என்றால் 1884 ஆளும் 1889 ஆளும் அனேகமாக இரண்டு பேருமே உங்கள் கொள்ளுத்தாத்தா இல்லை, மூன்றாவதாக ஒருவரைத் தேட வேண்டும். 1905-இல் வந்த ஒரு பவுண்டு தலைவரி வேறு, அதோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். சீட்டில் எத்தனை பவுண்டு என்று பாருங்கள். இன்னொன்று, அந்த எண் அவருடையதுதானா, மனைவியுடையதா என்பதையும் பார்க்க வேண்டும். பெண்களுக்கும் தனி எண் உண்டு, வீட்டில் பத்திரமாகத் தங்கிய காகிதம் எந்த ஆளுடையது என்பதைக் காகிதம்தான் சொல்ல வேண்டும்.

சரி, கப்பல் பட்டியலுக்கு வருவோம். எண், பெயர், அப்பா பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தானா (காவல் நிலைய எல்லை), கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு மச்சம் என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். நீங்கள் இணையத்தில் பார்த்தது தட்டச்சு செய்து ஏற்றிய சுருக்கமாகத்தான் இருக்கும். அதோடு நிற்காமல் மூலப் பக்கத்தின் படத்தைப் பார்த்தே ஆக வேண்டும். டர்பன் ஆவணக் காப்பகத்தில் மூலப் பட்டியல்கள் இருக்கின்றன, குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்திலும் இதுபற்றிய சேகரிப்பு இருக்கிறது, நேரில் போகாமல் மின்னஞ்சலில் கேட்டுப் பார்க்கலாம். மூலத்தைப் பார்க்கச் சொல்வது ஏனென்றால், சுருக்கத்தில் ஒரு ஆள் தனியாக நிற்பார், மூலத்தில் அவருக்கு மேலேயும் கீழேயும் யார் யார் என்பது தெரியும். ஒரே குடும்பமாகப் போனவர்களுக்குப் பொதுவாக அடுத்தடுத்த எண்தான் விழும்.

அந்த 6 வயதுப் பையனுடைய பக்கம் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. நீங்கள் அவனை ஒரு வரியில் தள்ளிவிட்டீர்கள். பையனுக்கு அப்பா பெயர் பெருமாள் என்று எழுதியிருக்கிறது, ஆனால் கப்பலில் பெருமாள் இல்லை, அம்மா மட்டும்தான். 1884-இல் 6 வயது என்றால் 1878 வாக்கில் பிறந்தவன். 1876-லிருந்து 1878 வரை சென்னை மாகாணத்தையே சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தின் கடைசிப் பிள்ளை. அப்பா பஞ்சத்திலோ அதன் பின்னால் வந்த காய்ச்சலிலோ போயிருக்கலாம், இது என் ஊகம், இதை மரத்தில் எழுதிவிடாதீர்கள். ஆனால் கைம்பெண்ணாகப் பிள்ளையோடு, கப்பல் ஏறும்வரை ஆட்களைத் தங்கவைத்த சென்னைக் கிடங்குக்கு வந்து சேர்ந்த பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். நூறு ஆணுக்கு நாற்பது பெண் ஏற்றியே ஆக வேண்டும் என்று விதி இருந்ததால் ஆள் பிடிப்பவர்கள் பெண்களைத் தேடினார்கள். கப்பலுக்காகக் கிடங்கில் காத்திருக்கும் நாட்களிலேயே ஒரு ஆணும் பெண்ணும் சேர்ந்து குடும்பமாகப் பதிவு செய்துகொண்டு ஏறுவதும் சாதாரணமாக நடந்தது. தனியாகப் போவதைவிட அந்தப் பெண்ணுக்கு அது எவ்வளவோ பாதுகாப்பு. ஆகவே அந்த அம்மாவின் எண்ணுக்கு முன்னாலோ பின்னாலோ முனுசாமி என்று ஒரு ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். அதே கப்பல் முழுக்கவும் பாருங்கள். அந்தப் பெண் எந்தத் தோட்டத்துக்கு ஒதுக்கப்பட்டாளோ அதே தோட்டத்துக்குப் போனவர்களில் பாருங்கள்.

அப்படி ஒரு முனுசாமி கிடைத்தால், உங்கள் பத்திரமும் உங்கள் பாட்டியும் ஒருவருக்கொருவர் முரண்படவே இல்லை. பெற்றவர் பெருமாள், வளர்த்தவர் முனுசாமி. நேட்டாலில் வளர்ந்த பையனுக்குக் காகிதத்தில் எல்லாம் முனுசாமி மகன் என்றே ஆகியிருக்கும், ஊர் திரும்பிப் பத்திரம் எழுதும்போது அதையே சொல்லியிருப்பார். தன் பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது மட்டும் பெற்றவர் பெயரை வைத்திருப்பார். இது நடந்தது என்று நான் சொல்லவில்லை. இரண்டு பெயர் இருந்தால் ஒன்று பொய் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன். அப்பா பெயர் கட்டத்தில் இருப்பது, பதிவு செய்கிறவர் கேட்டபோது அந்த ஆள் வாயால் சொன்ன பதில். கடன்காரனுக்குப் பயந்து, வீட்டில் தேடி வந்துவிடுவார்களோ என்று பயந்து, மாற்றிச் சொன்னவர்கள் உண்டு. அதற்கு வெளியே, அதைப் பார்க்காமல் எழுதப்பட்ட இன்னொரு சான்று வந்து அதே பெயரைச் சொன்னால்தான் நம்பலாம்.

ஜில்லா பொருந்துகிறது என்பதையும் அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைய வட ஆற்காடு இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலைப் பகுதிகளோடு நிற்கவில்லை, 1911 வரை சித்தூரும் அதில்தான் இருந்தது. ஆகவே முதல் ஆளின் கிராமம் ஆந்திராப் பக்கம் கூட இருக்கலாம். கிராமப் பெயரை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், ஆங்கில எழுத்தில் வந்தவாசி ‘வாண்டிவாஷ்’ ஆகவும் காஞ்சிபுரம் ‘கான்ஜீவரம்’ ஆகவும் இருந்த காலம் அது, சின்ன ஊர்கள் இன்னும் மோசமாகச் சிதைந்திருக்கும். மறுபக்கம், செங்கல்பட்டு ஜில்லா என்பதால் பையனை ஒதுக்கவும் முடியாது. உங்கள் ஊரிலிருந்து செய்யாறு தாண்டினால் காஞ்சிபுரம், அது செங்கல்பட்டு ஜில்லாவில்தான் இருந்தது. பெண் கொடுத்து எடுக்கிற தூரம்தானே. அந்த அம்மா தன் பிறந்த ஊரைச் சொன்னாளா, புருஷன் ஊரைச் சொன்னாளா என்பதும் தெரியாது. நேட்டாலிலிருந்து திரும்பியவர் பிறந்த ஊருக்கே வந்தார் என்பதற்கும் உறுதி இல்லை, மனைவியின் சொந்த ஊர் ஆரணிப் பக்கமாக இருந்து அங்கே வந்து நிலம் வாங்கியிருக்கலாம்.

இது ஒரு காரணம், இன்னொரு பெரிய காரணமும் இருக்கிறது, கொள்ளுப்பாட்டியைத் தேடுங்கள் என்று நான் சொல்வதற்கு. கடிதம் முழுக்க அவரைப் பற்றி ‘மனைவியோடு’ என்ற ஒரு சொல்தான் இருக்கிறது. அவர் பெயர் என்ன, அவர் ஒப்பந்தத்தில் போனவரா, அங்கேயே பிறந்தவரா? குடியேறிகளின் கல்யாணங்களை அங்கே பாதுகாவலர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 1891 சட்டம் சொன்னது. பாதுகாவலர் என்பது ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குப் பொறுப்பான அரசு அதிகாரி. எல்லோரும் பதிந்தார்கள் என்று சொல்ல முடியாது, ஆனால் பதிந்திருந்தால் மாப்பிள்ளையையும் பெண்ணையும் எண்ணோடு அடையாளம் காட்டியிருப்பார்கள். ஒரே பெயரில் இருநூறு ஆண்கள் இருக்கலாம், இந்தப் பெயருள்ள ஆணும் அந்தப் பெயருள்ள பெண்ணும் சேர்ந்த ஜோடி இரண்டு மூன்றுக்கு மேல் இருக்காது. அதேபோல மூத்த மகன் பெருமாள் நேட்டாலில் பிறந்தவர் என்கிறீர்கள். அந்தப் பிறப்புப் பதிவு கிடைத்தால் அப்பா அம்மா இரண்டு பேரையும் சேர்த்துப் பிடிக்கலாம். ஃபேமிலிசெர்ச் என்ற வம்சாவளி தேடும் இணையதளத்தில் நேட்டால் பதிவுகள் நிறைய இருக்கின்றன, காசு கட்ட வேண்டியதில்லை, கணக்குத் தொடங்கினால் போதும். பெயரைத் தட்டும்போது முனுசாமியை மூன்சாமி, முனிசாமி, மூனோசாமி என்று எத்தனை விதமாக ஒரு வெள்ளைக்கார எழுத்தர் எழுதுவார் என்று யோசித்து அத்தனையும் தட்டிப் பாருங்கள்.

1914-க்குப் பிறகு திரும்பினார் என்பதும் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு. அந்த வருஷம் வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் மூன்று பவுண்டு வரியை ஒழித்தது, அதோடு, இனித் திரும்பி வர மாட்டேன், எனக்கும் மனைவிக்கும் வயது வராத பிள்ளைகளுக்கும் இங்கே இருக்கும் உரிமையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுப்பவர்களுக்கு இலவசமாக ஊர் திரும்பக் கப்பலும் கொடுத்தது. உங்கள் கொள்ளுத்தாத்தா அப்படி வந்திருந்தால் அங்கே அவர் எழுதிக் கொடுத்த காகிதம் இருக்க வேண்டும், குடும்பத்தில் யார் யார் என்பதும் அதில் இருக்கும். இந்தியக் குடியேறிகள் துறையின் கோப்புகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தென்னாப்பிரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத் தேடலில் கோப்பின் தலைப்பு வரைக்கும் பார்க்கலாம், உள்ளே இருப்பதைப் படிக்க அங்கே இருக்கும் யாராவது எடுத்து அனுப்ப வேண்டும்.

அவருக்கு அங்கே அண்ணன் தம்பி, அக்கா தங்கை யாராவது தங்கிவிட்டார்களா? வீட்டில் யாராவது ‘டர்பன்லேருந்து கடுதாசி வரும்’ என்று சொன்னது உண்டா? அப்படி ஒருவர் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். தென்னாப்பிரிக்காவில் ஒருவர் இறந்தால் சொத்து விவகாரத்துக்காகத் தாக்கல் செய்கிற மரண அறிவிப்புப் படிவத்தில் இறந்தவருடைய அப்பா அம்மா பெயருக்கே இடம் இருக்கிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் சொத்துக் கோப்புகளில் பழையவை பல இணையத்திலேயே கிடைக்கின்றன. கூடப் பிறந்தவருடைய அந்தப் படிவத்தில் முனுசாமி என்றோ பெருமாள் என்றோ இருந்தால் அதற்கு நான் பத்திரத்தைவிட அதிக மதிப்பு கொடுப்பேன். ஒரு எச்சரிக்கை, படிவத்தை நிரப்பியவர் யார் என்று பாருங்கள். தாத்தாவைப் பார்த்தே இராத மகன் நிரப்பியிருந்தால் மதிப்பு குறையும்.

இனி ஊருக்கு வருவோம். அந்தப் பத்திரம் கிரையப் பத்திரம், அதாவது அவர் காசு கொடுத்து வாங்கிய நிலம். அதில் ‘முனுசாமி குமாரர்’ என்பது பத்திரம் எழுதுகிறவர் கேட்டு அவர் சொன்னது, அவ்வளவுதான், யாரும் அதைச் சரிபார்த்திருக்க மாட்டார்கள். அதே அவர் பூர்வீகப் பாத்தியம் என்று ஒரு சென்ட் நிலமாவது விற்றிருந்தாலோ, பங்காளிகளோடு பாகப்பிரிவினை செய்துகொண்டிருந்தாலோ அந்தப் பத்திரம் வேறு ரகம். அப்பா வழியாக வந்த நிலம் என்றால் அப்பா பெயரில் பட்டா இருந்திருக்க வேண்டும், பங்கு கேட்கிற ஆட்கள் எதிரிலேயே கையெழுத்துப் போட்டிருப்பார்கள், பொய் நிற்காது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பெயர் வாரியாக ஒரு அட்டவணையும் சொத்து வாரியாக ஒரு அட்டவணையும் உண்டு. உங்கள் கொள்ளுத்தாத்தா பெயரில் பழைய வருஷங்களுக்குத் தேடச் சொல்லி மனுப் போடுங்கள். இணையத்தில் வில்லங்கம் பார்த்து இல்லை என்று விட்டுவிடாதீர்கள், நமக்கு வேண்டிய வருஷங்களுக்குப் பழைய புத்தகத்தைத்தான் புரட்ட வேண்டும். நேரம் எடுக்கும், இரண்டு தடவை நடக்க விடுவார்கள், பரவாயில்லை, போங்கள்.

காகிதம் இல்லாத சான்றும் உங்கள் வீட்டில் இருக்கிறது, அது காகிதத்தைவிட அவசரம். உங்கள் பாட்டி வெறும் கதை சொன்னவர் இல்லை, நேட்டாலில் வாழ்ந்து திரும்பிய மாமியாரோடு ஒரே அடுப்படியில் இருந்தவர். அவர் வயதில் இன்னும் யார் உயிரோடு இருக்கிறார்கள்? தாத்தாவின் தம்பி மனைவியோ, பக்கத்து வீட்டுக் கிழவியோ, யாராக இருந்தாலும் போய் உட்காருங்கள். ‘அவர் அப்பா பேரு என்ன’ என்று நேரடியாகக் கேட்டால் நீங்கள் எதிர்பார்க்கிற பெயரைச் சொல்லிவிடுவார்கள். வேறு மாதிரி கேளுங்கள். அந்தக் காலத்தில் பெண்கள் மாமனார் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள், பிள்ளைக்கே அந்தப் பெயர் வைத்திருந்தாலும் பெரியவனே, ராசா என்று வேறு ஏதாவது சொல்லித்தான் கூப்பிடுவார்கள். உங்கள் கொள்ளுப்பாட்டி தன் மூத்த மகனைப் பெருமாள் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாரா? மற்ற பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இவரை மட்டும் கூப்பிடாமல் இருந்தார் என்றால், பாட்டி சொன்னதற்கு அது நல்ல பலம். சும்மா பெருமாள் பெருமாள் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார் என்றால் திருப்பதிக்கு வேண்டிக்கொண்டு வைத்த பெயராகவும் இருக்கலாம், உங்கள் பக்கத்தில் அது ரொம்ப சகஜம்.

அப்புறம் தீட்டு. கொள்ளுத்தாத்தா வீட்டில் யார் சாவுக்குத் தீட்டு காத்தார்கள், அவர் செத்தபோது எந்த வீட்டுக்காரர்கள் தீட்டு காத்தார்கள், கருமாதிக்குப் பங்காளி என்று யார் வந்து நின்றார்கள்? கோயிலில் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கும்போது யாரோடு சேர்ந்து வரி கொடுத்தார்கள்? கடல் தாண்டிப் போய் வந்தவரைப் பங்காளிகள் சேர்த்துக்கொண்டு தீட்டு காத்திருந்தால், இவர் எங்கள் ரத்தம் என்று ஊரறிய ஒத்துக்கொண்டார்கள் என்று பொருள், அந்த வீட்டுக்காரர்களின் தாத்தா பெயரிலிருந்து நீங்கள் மேலே ஏறலாம். பங்காளி என்று ஒருவருமே இல்லை, குலதெய்வம் எங்கேயோ தூரத்தில் காஞ்சிபுரம் பக்கம் என்று பதில் வந்தால் அந்த 6 வயதுப் பையன் பக்கம் தராசு சாயும்.

சாதிக் கட்டத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். அதில் உங்கள் வீட்டில் சொல்லிக்கொள்வதற்கு மாறாக வேறு ஒன்று இருக்கலாம். கிடங்கில் மாற்றிச் சொன்னவர்களும் உண்டு, எழுத்தர் தனக்குத் தெரிந்ததை எழுதியதும் உண்டு, நேட்டாலில் வேறு பட்டம் சேர்த்துக்கொண்டு அதோடு ஊர் திரும்பியவர்களும் உண்டு. அந்தக் கட்டம் பிடிக்கவில்லை என்பதற்காக ஒரு ஆளைத் தள்ளிவிட்டு, பிடித்த கட்டம் உள்ள ஆளை எடுத்துக்கொள்கிற குடும்பங்களைப் பார்த்து எனக்கு வருத்தமாக இருக்கும். பெற்ற தாத்தாவையே வாசலில் நிறுத்துகிற வேலை அது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இதை முன்னாலேயே பேசிவிட்டு மூலப் பட்டியலைத் திறங்கள்.

டிஎன்ஏ சோதனை இப்போது வேண்டாம். சோதனை பெயரைச் சொல்லாது, இரண்டு ஆட்களுக்குள் உறவு இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும், அதனால் ஒப்பிட ஒரு ஆள் வேண்டும். பெருமாள் வம்சம், முனுசாமி வம்சம் என்று நேர் ஆண்வழியில் வந்த ஒருவரை நீங்கள் கண்டுபிடித்த பிறகு, உங்கள் அப்பாவோ அண்ணன் தம்பியோ அவரோடு சேர்ந்து ஒய் குரோமோசோம் சோதனை செய்தால் பயன் உண்டு. நீங்கள் செய்ய முடியாது, அது ஆண்வழியில் மட்டும் போவது. நீங்களே செய்யக்கூடிய பொதுச் சோதனையில், உங்கள் கொள்ளுத்தாத்தாவின் சகோதரர் வழியில் உங்கள் தலைமுறையில் ஒருவர் இருந்தாலும், அந்த உறவில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குப் பொதுவான துண்டு எதுவுமே தென்படாமல் போகும். மறுபக்கம், மாமன் மகள் அத்தை மகன் என்று தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்திலேயே கட்டிய நம் குடும்பங்களில் தூரத்து உறவும் கிட்டத்து உறவு போலக் காட்டும். அந்தக் காசுக்கு மூலப் பட்டியலின் நகலும் சார்பதிவாளர் அலுவலக நகலும் வாங்கலாம்.

பொங்கலுக்குள் இதெல்லாம் முடியாது, சீட்டையும் கப்பல் எண்ணையும் ஒப்பிடுவது மட்டும் முடியும், அதை இந்த வாரமே செய்யுங்கள். மரத்தை அச்சடிக்கத்தான் வேண்டும் என்றால் கொள்ளுத்தாத்தா வரைக்கும் உறுதியாகப் போடுங்கள், பக்கத்தில் கொள்ளுப்பாட்டி பெயரையும் அதே அளவு எழுத்தில் போடுங்கள். அவருக்கு மேலே கோடு இழுக்க வேண்டாம். ‘தந்தை பெயர் கிரையப் பத்திரத்தில் முனுசாமி, மருமகள் சொன்னபடி பெருமாள், தேடல் நடக்கிறது’ என்று எழுதி, அதற்குக் கீழே சீட்டின் படத்தை அச்சடித்து, டர்பனில் சொந்தம் இருக்கிறவர்கள், பழைய பத்திரம் வைத்திருக்கிறவர்கள் உங்களுக்குத் தகவல் சொல்லும்படி கேளுங்கள். புத்தகம் நூறு வீட்டுக்குப் போகும் என்றால் அதில் யாராவது ஒரு வீட்டில் பெட்டிக்கு அடியில் மீதிக் காகிதம் இருக்க வாய்ப்பு இருக்கிறது.